பில்லில் 10 விழுக்காடு போட்டாச்சு... அப்புறம் டிப்ஸ் எதுக்கு?

வெள்ளிக்கிழமை இரவு. நண்பர்கள் நாலு பேர். லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டு முடித்தாயிற்று. மெனுவில் பார்த்த விலைகளை மனசுக்குள் கூட்டி, 50 வெள்ளி வரும் என்று நினைத்திருந்தீர்கள். பில்லில் இருப்பதோ 59 வெள்ளி 95 காசு.

60 வெள்ளியை வைத்துவிட்டு எழுந்தால் மீதி 5 காசு. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி, "இன்னொரு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டு, நீங்கள் கொட்டிய மாம்பழ லஸ்ஸியைத் துடைத்துவிட்டுப் போன அந்த அண்ணனுக்கு வெறும் 5 காசா?

"அதான் சேவைக் கட்டணம் போட்டுட்டாங்களே, போதும்" என்கிறார் ஒரு நண்பர். "அது அவருக்குப் போகாதுடா" என்கிறார் இன்னொருவர்.

இருவரில் யார் சொல்வது சரி?

முதலில் அந்த 59 வெள்ளி 95 காசு

சாப்பாடு 50 வெள்ளி. அதில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 5 வெள்ளி. ஆகமொத்தம் 55 வெள்ளி. பொருள், சேவை வரி 9 விழுக்காடு. அந்த வரி 50 வெள்ளிக்குப் போடப்படுவதில்லை, 55 வெள்ளிக்குப் போடப்படுகிறது. அதாவது சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டுகிறீர்கள். 55 வெள்ளிக்கு 9 விழுக்காடு என்றால் 4 வெள்ளி 95 காசு. கூட்டினால் 59 வெள்ளி 95 காசு. மெனு விலையைவிடக் கிட்டத்தட்ட 20 விழுக்காடு அதிகம்.

இனி மெனுவின் அடியில் இரண்டு கூட்டல் குறிகளைப் பார்த்தால் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் தேவையில்லை.

சிங்கப்பூரில் கடைகள் பொதுவாக வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு. பதிலுக்கு, "இந்த விலையோடு சேவைக் கட்டணமும் வரியும் சேரும்" என்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் சுருக்கம்தான் 'பிளஸ் பிளஸ்'.

இரண்டு பிளஸ்ஸும் ஒன்றல்ல. வரி அரசாங்கத்துக்குப் போகிறது. 2024 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து அது 9 விழுக்காடு. சேவைக் கட்டணம் வரி இல்லை. அதை வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. 10 விழுக்காடு என்பதும் வழக்கத்தில் நிலைத்துவிட்ட ஒரு கணக்குதான். காப்பிக்கடையிலும் உணவங்காடி நிலையத்திலும் அது கிடையாது. பார்சல் வாங்கினாலும் பொதுவாக இருக்காது.

சரி, அந்த 5 வெள்ளி யாருக்கு?

உணவகத்துக்கு.

வாடிக்கையாளர்கள் தனித்தனியாக டிப்ஸ் வைப்பதற்குப் பதிலாக வந்த ஏற்பாடு என்றுதான் பலரும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் அதில் ஒரு பங்கை மாதா மாதம் ஊழியர்களுக்குக் கொடுக்கின்றன. வேறு சில, அதையும் மற்ற வருமானத்தோடு சேர்த்துவிடுகின்றன. வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் அதே பணத்திலிருந்து போகும். ஊழியரின் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஆக, இரண்டாவது நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. அந்த 5 வெள்ளி உங்கள் மேசைக்கு வந்தவரின் கைக்கு நேராகப் போவதில்லை. அவருடைய சம்பளத்துக்குள் எங்கேயோ ஒரு துளியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. மலேசியாவில் 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தபோது சில ஹோட்டல்கள் ஒரு கணக்குப் போட்டன: ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சேவைக் கட்டணத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டினால் குறைந்தபட்சத் தொகை வந்துவிடுமே! ஹோட்டல் ஊழியர் சங்கம் அதை எதிர்த்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. 2021இல் தீர்ப்பு. சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு உரியது, ஹோட்டல் அதை அவர்கள் சார்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பு அவ்வப்போது சமூக ஊடகத்தில் சுற்றி வரும். "சேவைக் கட்டணம் ஊழியருக்குத்தான் சொந்தம், கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று யாராவது அனுப்பினால் எந்த ஊர்க் கோர்ட் என்று பாருங்கள். சிங்கப்பூருக்கு அது பொருந்தாது.

சேவை மோசம். கட்டணத்தைக் கட்டமாட்டேன்னு சொல்லலாமா?

கேட்கலாம். ஆனால் அது உங்கள் உரிமை என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். சேவைக் கட்டணம் உண்டு என்று மெனுவிலேயே போட்டிருந்து, அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் ஆர்டர் செய்தீர்கள் என்றால், அது விலையின் ஒரு பகுதி. 'சேவை' என்று பெயர் இருந்தாலும் சேவை நன்றாக இருந்ததா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. மேலாளர் மனது வைத்தால் குறைக்கலாம். சண்டை போட வேண்டுமென்றால் அவரிடம் போடுங்கள். பில் கொண்டுவந்த பையனுக்கு அதை எடுக்கும் அதிகாரம் கிடையாது.

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, நீங்களே ஆர்டர் போட்டு, தண்ணீரையும் நீங்களே போய் ஊற்றிக்கொண்டு, கடைசியில் 10 விழுக்காடும் கட்டும்போது கோபம் வருவது நியாயம்தான். கோபத்தைக் காட்ட எளிய வழி, அடுத்த முறை வேறு கடை.

அப்படின்னா டிப்ஸ் வைக்கணுமா?

சிங்கப்பூரில் கட்டாயம் இல்லை. எதிர்பார்ப்பும் இல்லை. வைக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய அடிப்படைச் சம்பளம், கூட்டரசுச் சட்டப்படி, மணிக்கு 2 டாலர் 13 காசு. 1991இலிருந்து அது மாறவேயில்லை. பல மாநிலங்கள் அதைவிட அதிகமாக நிர்ணயித்திருந்தாலும், டிப்ஸை நம்பித்தான் அந்த ஏற்பாடே நிற்கிறது. அங்கே வைக்காமல் எழுந்தால் ஒருவரின் சம்பளத்தில் கை வைத்த மாதிரி. இங்கே அப்படி இல்லை. எல்லா வேலைக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் சிங்கப்பூரில் கிடையாது என்றாலும், 2023 மார்ச்சிலிருந்து உணவுச் சேவைத் துறைக்குப் படிப்படியான சம்பள உயர்வு முறை வந்திருக்கிறது. அது உள்ளூர் ஊழியர்களுக்கு. லிட்டில் இந்தியாவில் உங்களுக்குப் பரிமாறும் அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் என்றால் அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு.

அதனால் வைக்க மனசிருந்தால் வையுங்கள். எவ்வளவு? விழுக்காட்டுக் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். 2 வெள்ளி, 5 வெள்ளி என்று ஒரு நோட்டு போதும். பெரிய கும்பலாகப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, குழந்தைகள் சோற்றைத் தரையில் இறைத்திருந்தால் 10 வெள்ளி வைத்தாலும் தப்பில்லை.

எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பில் அட்டைக்குள் வைத்தால் அது பெரும்பாலும் பொதுப் பெட்டிக்குப் போய், பின்னால் எல்லோருக்கும் பிரியும். அது மோசமில்லை. சமையலறையில் தட்டுக் கழுவும் அக்காவை நீங்கள் பார்க்கவே போவதில்லை. பெட்டிதான் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்கும். கார்டில் சேர்த்துப் போட்டால் அது முதலில் கடையின் கணக்கில்தான் விழும். குறிப்பிட்ட ஒருவருக்கே போக வேண்டுமென்றால் ரொக்கமாக, கையில் கொடுங்கள். "அண்ணே, இது உங்களுக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். மேசையில் விட்டுவிட்டுப் போனால் மறந்துவிட்டுப் போனீர்களோ என்று வாசல்வரை ஓடி வருவார்கள்.

சந்தேகம் இருந்தால் கேட்டுவிடலாம். "டிப்ஸ் வச்சா உங்களுக்கு வருமாண்ணே?" முதலாளி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கேட்காதீர்கள்.

பாரில்?

ஹாலிவுட் படம் பார்த்துப் பழகியவர்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டாலர் வைக்கவேண்டும் என்று நினைப்பார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை. பெரும்பாலான பார்களிலும் பிளஸ் பிளஸ்தான்.

ஆனால் பானம் கலப்பவரோடு ஒரு மணி நேரம் பேசி, "இனிப்பு கம்மியா, கொஞ்சம் புளிப்பா, ஏதாவது போடுங்க" என்று சொல்லி, அவர் மெனுவில் இல்லாத ஒன்றைச் செய்து கொடுத்திருந்தால், கிளம்பும்போது ஒரு 5 வெள்ளி நல்ல பழக்கம். "உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரவா?" என்று கேட்பவர்களும் உண்டு. வேலை நேரத்தில் குடிக்கக்கூடாது என்று பல இடங்களில் விதி இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் அவருக்குத்தான் சங்கடம்.

இப்போது ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. யாரிடமும் ரொக்கம் இல்லை. "பேநவ் பண்றேன், நம்பர் சொல்லுங்க" என்று கேட்பது சகஜமாகிவிட்டது. கொஞ்சம் யோசியுங்கள். பானம் கொண்டுவரும் பெண்ணிடம் ராத்திரி 11 மணிக்கு ஓர் ஆண் வாடிக்கையாளர் கைப்பேசி எண் கேட்கிறார். உங்கள் எண்ணம் சுத்தமாகவே இருக்கட்டும். அவருக்கு அது எப்படித் தெரியும்? கொடுத்தால் நாளைக்குக் குறுஞ்செய்தி வருமோ என்ற பயம். மறுத்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். 5 வெள்ளிக்காக ஒருவரை அந்த நிலையில் நிறுத்தவேண்டாம். கடையின் கியூஆர் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் வெளியே வரும்போது பர்ஸில் இரண்டு 2 வெள்ளி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ் கொடுத்ததால் பேச்சுக் கொடுக்க உரிமை வந்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

காப்பிக்கடை அங்கிள், ஆன்ட்டி

"அங்கிள், தே ஓ கொசோங் ஒண்ணு, காப்பி சி ரெண்டு." உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. அங்கேயே காசு கொடுக்கிறீர்கள். மீதி 20 காசு, 30 காசு. "பரவால்ல அங்கிள், வச்சுக்குங்க" என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இடுப்புப் பையில் அவர் வைத்திருப்பது கடைக் காசாகவும் இருக்கலாம். நீங்கள் விட்ட 30 காசு அந்தக் கணக்கோடு கலந்துவிடலாம். அவருக்குத்தான் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சில மூத்தவர்கள் வாங்கவே மாட்டார்கள். மீதியை எண்ணி உங்கள் கையில் வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அதில் ஒரு மிடுக்கு இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

தட்டு எடுக்கும் ஊழியர்களுக்கு வேறு மாதிரி உதவலாம். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரியிலிருந்து காப்பிக்கடைகளிலும் உணவுக்கூடங்களிலும் தட்டுகளைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு. முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை. மறுபடியும் பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம். தட்டைத் திருப்பி வைப்பது சரி, கசக்கிய டிஷ்யூவையும் நண்டு ஓட்டையும் மேசையிலேயே விட்டுப் போகிறார்களே, அவர்கள் எண்ணம் என்னவோ!

கிராப், டாக்சி, சாப்பாடு கொண்டுவருபவர்

செயலியில் பயணம் முடிந்ததும் டிப்ஸ் தெரிவு வரும். அது ஓட்டுநருக்குப் போகிறது. அதே ரசீதில் 'தளக் கட்டணம்' என்று ஒன்று இருக்கும். அது நிறுவனத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "அதான் எக்ஸ்ட்ரா கட்டியாச்சே" என்று நினைக்காதீர்கள்.

எப்போது கொடுப்பது? கொட்டும் மழையில் வந்தால். மின்தூக்கி பழுதாகி படியேறி வந்தால். தாத்தாவின் சக்கர நாற்காலியை மடக்கி வண்டியில் ஏற்றினால். 12 போத்தல் தண்ணீர் ஆர்டர் செய்திருந்தால். 2025 ஜனவரி 1இலிருந்து இந்த ஊழியர்களுக்கென்று தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வேலைக்காயக் காப்பீடு, மத்திய சேம நிதி எல்லாம் வந்திருக்கின்றன. ஆனாலும் மாடியில் காத்திருக்கும் ஐந்து நிமிடத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கீழே வந்து வாங்கிக்கொள்வதும் ஒரு டிப்ஸ்தான், இலவசம்.

நம்ம வீட்டு விசேஷங்களில்

டிப்ஸ் நம் பழக்கம் இல்லை என்று சொல்பவர்கள் ஒரு தமிழ்க் கல்யாணத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். நாதஸ்வரக்காரருக்குத் தனியாக ஒரு கவர். ஐயருக்குத் தட்சணை. பந்தி பரிமாறியவர்களுக்குப் பெரியப்பா கடைசியில் சத்தமில்லாமல் ஒரு தொகை. பூ கட்டிக் கொடுத்த அக்காவுக்கு ஒரு சேலை.

இந்த வேலைகள் இப்போது உங்கள் தலைமுறையின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. விசேஷத்துக்கு முந்தின நாளே சின்ன உறைகளில் போட்டு, யாருக்கு எது என்று எழுதி, நிதானமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மாப்பிள்ளையோ பெண்ணோ பர்ஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கொடுக்கும்போது இரண்டு கையாலும், அல்லது வலக்கையால், பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி. உறையில்லாத நோட்டை எல்லார் முன்னாலும் நீட்டுவதைப் பலர் விரும்புவதில்லை.

காப்பிக் காசு டிப்ஸ் இல்லை

மலாய்மொழியில் 'டுயிட் கோப்பி' என்றால் காப்பிக்கான காசு. வழக்கில் அதற்கு அர்த்தம் லஞ்சம்.

அரசாங்க அதிகாரிகளுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. நன்றிக்காக என்றாலும்கூட. போலீஸ், குடிநுழைவு, சோதனைக்கு வரும் அதிகாரிகள், யாராக இருந்தாலும். பொது மருத்துவமனைத் தாதியருக்கும் பணம் வேண்டாம். ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

தனியார் துறை என்றால் பரவாயில்லை என்று நினைக்கவேண்டாம். 2018இல் சிங்கப்பூரில் ஒரு கொள்கலன் கிடங்கின் பாரந்தூக்கி ஓட்டுநர்கள் இருவர்மீது லஞ்ச ஊழல் குற்றச்சாட்டு பதிவானது. லாரி ஓட்டுநர்களைக் காக்கவைக்காமல் கொள்கலனை ஏற்றி இறக்க அவர்கள் வாங்கியதாகச் சொல்லப்பட்ட தொகை, ஒரு தடவைக்குப் பொதுவாக 1 வெள்ளி. ஒரே ஒரு வெள்ளி. ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் உச்சத் தண்டனை 100,000 வெள்ளி அபராதமும் ஐந்தாண்டுச் சிறையும்.

வேலை முடிந்தபிறகு, கேட்காமல், மனசார உணவகத்தில் கொடுக்கும் 5 வெள்ளி ஒரு ரகம். வேலையை முன்னால் தள்ளுவதற்காக, இல்லையென்றால் தாமதமாகும் என்பதற்காகக் கொடுக்கும் 1 வெள்ளி இன்னொரு ரகம். தொகையில் எதுவும் இல்லை.

ஊருக்குப் போகும்போது

ஜொகூர் பாருவில் உணவு, பானத்துக்கான சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச்சில் வேறு பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடானபோதும் உணவுக்கு ஏறவில்லை. சேவைக் கட்டணம் இருந்தால் அது தனி. மாமாக் கடையில் தே தாரிக்குக்கு டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. சில்லறையை விட்டுவந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள்.

சென்னையில் பில்லில் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டி வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. ஆனால் பரிமாறியவருக்கு 20, 50 ரூபாய் கையில் கொடுப்பது அங்கே சாதாரணம். சிங்கப்பூர்க் காசை மாற்றிப் பார்த்து 500 ரூபாயை நீட்டினால், கூட வந்த மாமா ஹோட்டலுக்குத் திரும்பும்வரை அதைப் பற்றித்தான் பேசுவார்.

ஜப்பானில் வைக்காதீர்கள். துரத்திக்கொண்டு வந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

கொடுக்க ஆசை, கையில் காசில்லை

மாணவராக இருக்கலாம். மாசக் கடைசியாக இருக்கலாம். பரிமாறியவரின் பெயர்ப் பட்டையைப் பாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் கூகலில் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன தேதி, என்ன நேரம், என்ன பெயர், அவர் என்ன செய்தார். 'சர்வீஸ் நல்லாயிருந்துச்சு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்தப் பாராட்டு கடைக்குப் போகும். பெயர் போட்டு எழுதினால் அவருக்குப் போகும். அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முதலாளி யோசிக்கும் மாதத்தில், அந்த இரண்டு வரி 5 வெள்ளியைவிட அதிகம் பெறலாம்.